விலைக்கு உறுதி உண்டு, அளவுக்கு?

மரக்காணம் உப்பளங்களில் ஆண்டுக் கணக்கு ஜனவரியில் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை விட்டுச்சென்ற நீரை வெளியேற்ற வேண்டும். படிந்த சேற்றை அள்ள வேண்டும். பாத்திகளை மிதித்துச் சமன்செய்து, உவர்நீர் பாய்ச்சி, வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டும். செலவு முழுவதும் முன்னால். வரவு முழுவதும் பின்னால். அந்த ஆண்டு எத்தனை மூட்டை உப்பு விளையும் என்பதை ஜனவரி மாதத்தில் எவராலும் சொல்ல இயலாது. கோடையில் எதிர்பாராமல் பெய்யும் ஒரு மழை, வாருவதற்குத் தயாராக இருக்கும் உப்பை ஓரிரவில் கரைத்துவிடும்.

இந்த நிச்சயமின்மை இயற்கையால் வருவது. அதற்குப் பழகியவர்களே உப்பளத்தில் நிலைக்கிறார்கள். ஆனால், காகிதத்தால் உண்டாக்கப்படும் நிச்சயமின்மை ஒன்றும் இருக்கிறது. அதை நான் முதன்முதலாகக் கண்டது என் பெரியப்பாவின் வீட்டுத் திண்ணையில்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, மரக்காணத்தில் சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவித்துவந்தார் பெரியப்பா. அரசு சார்ந்த ஓர் அலுவலகம், தன் கீழுள்ள சமையற்கூடங்களுக்கு ஓராண்டுக்கு உப்பு வழங்க ஒப்பந்தப்புள்ளி கோரியது. அறிவிப்பில், 'உத்தேசத் தேவை 120 டன்' என்றிருந்தது. பெரியப்பா அந்த அளவை வைத்துக் கணக்குப் போட்டார். அளவு பெரிது என்பதால் மூட்டைக்கு வைக்கும் ஆதாயத்தைக் குறைத்தார். அவர் குறிப்பிட்ட விலையே மிகக் குறைவானது என்று ஒப்பந்தமும் அவருக்கே கிடைத்தது. பிணைத்தொகை கட்டினார். கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்தார். சாக்குகள் வாங்கினார். பக்கத்துப் பாத்திக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்து அவர்களுடைய உப்பையும் பேசிவைத்தார்.

சித்திரையும் வைகாசியும் சென்றன, ஆணை வரவில்லை. ஆடியில் ஒரு சிறிய ஆணை வந்தது. நவம்பரில், உப்பளம் முழுவதும் மழைநீரில் கிடந்தபோது, ஒரே வாரத்தில் இரண்டு பெரிய ஆணைகள் வந்தன. மூடிவைத்த உப்பு அம்பாரத்தின் ஒரு பகுதியை மழை கரைத்திருந்தது. காலம் தவறினால் தண்டத்தொகை. எனவே தூத்துக்குடியிலிருந்து கூடுதல் விலைக்கு உப்பு வாங்கி, ஒப்பந்த விலைக்கே வழங்கினார். ஆண்டு முடிந்தபோது, 120 டன் என்று சொல்லப்பட்ட இடத்தில் அலுவலகம் வாங்கியிருந்தது 40 டன்னுக்கும் குறைவு. கேட்டதற்கு, ஒப்பந்தப் படிவத்தின் ஒரு வரியைக் காட்டினார்கள். திரும்பிவந்து திண்ணையில் அமர்ந்தவர் என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “விலைய எழுதி வாங்கிக்கிட்டாங்க, தம்பி. மூட்டைய யாரும் எழுதித் தரலையே.”

பிற்காலத்தில் நானும் அரசுப் பணியில் சேர்ந்தேன். கொள்முதல் கோப்புகளைப் பல ஆண்டுகள் கையாண்டேன். பெரியப்பாவுக்குக் காட்டப்பட்ட அந்த வரியை நானே எத்தனையோ ஒப்பந்தப் படிவங்களில் சேர்த்திருக்கிறேன். குறிப்பிடப்பட்ட அளவு உத்தேசமானது. அதைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ வாங்கவும், அறவே வாங்காமல் இருக்கவும் அலுவலகத்துக்கு உரிமை உண்டு என்பதே அதன் சாரம். அந்த வரி ஏன் தேவைப்படுகிறது, அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

அளவு குறிப்பிடாமல் விலையை மட்டும் முடிவுசெய்யும் இந்த ஏற்பாட்டை அரசு அலுவலகங்களில் 'விலை வீத ஒப்பந்தம்' என்பார்கள். சாதாரண ஒப்பந்தத்தில் பொருள், அளவு, விலை, நாள் ஆகிய நான்கும் முதலிலேயே முடிவாகிவிடும். விலை வீத ஒப்பந்தத்தில் பொருளின் தரமும் விலையும் ஒப்பந்தக் காலமும் மட்டுமே முடிவாகும். எவ்வளவு, எப்போது, எந்த இடத்துக்கு என்பவை பிறகு ஒவ்வொரு கொள்முதல் ஆணையாக வரும். பொருளுக்குப் பதிலாகப் பழுதுபார்ப்பு, சாலைப் பராமரிப்பு போன்ற வேலைகளாக இருந்தால், அவை பணி ஆணைகளாக வரும். ரயில்வேயில் சிறிய கட்டுமான, பராமரிப்பு வேலைகளுக்கு ஒரு பகுதி முழுவதற்கும் ஓராண்டுக்கு விலைகளை முடித்துவைத்து, தேவை எழும்போதெல்லாம் பணி ஆணை கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு.

இப்படியோர் ஏற்பாடு அரசுக்கு அவசியம் என்பதில் ஐயமில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மரக்காணம் உப்பளங்கள் நீரில் மூழ்கின. விழுப்புரம் மாவட்டமே வெள்ளக்காடானது. அப்படியொரு நாளில் எத்தனை மணல் மூட்டைகள், எத்தனை நீர் இறைக்கும் இயந்திரங்கள், எவ்வளவு பிளீச்சிங் பவுடர், எத்தனை மின்கம்பங்கள் வேண்டும் என்பதை செப்டம்பரில் யார் கணிக்க முடியும்? வெள்ளம் வந்த பிறகு ஒப்பந்தப்புள்ளி கோரி, உறைகளைப் பிரித்து, ஒப்பிட்டு, ஆணையிடுவதற்குள் நீரே வடிந்துவிடும். பேரிடர்க் காலத்தில் ஒப்பந்தப்புள்ளி நடைமுறையிலிருந்து விலக்குப் பெறச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால், அவசரத்தில் பேசும் விலை ஒருபோதும் நல்ல விலையாக இருப்பதில்லை. அமைதியான மாதத்தில் போட்டி வைத்து விலையை முடித்துவைப்பதும், நெருக்கடி வந்ததும் ஆணையை மட்டும் அனுப்புவதுமே அறிவார்ந்த வழி. நிச்சயமற்ற தேவைக்கு நிச்சயமான விலை என்பதே இதன் பயன்.

சிக்கல், ஒப்பந்தப்புள்ளியை மதிப்பிடும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஒரே ஒரு பொருள் என்றால் யாருடைய விலை குறைவு என்று பார்த்தால் போதும். பல பொருள்கள் இருந்தால், ஒவ்வொன்றின் விலையையும் அதன் உத்தேச அளவால் பெருக்கி, கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அவரையே 'எல்-1' என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படியானால், வெற்றியாளரை முடிவுசெய்வது விலை மட்டுமன்று; அலுவலகம் எழுதிய உத்தேச அளவும்தான்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஓர் அலுவலகம் 1,000 மணல் மூட்டைகளும், 10 நாள்களுக்கு நீர் இறைக்கும் இயந்திரமும் தேவைப்படும் என்று அறிவிக்கிறது. முதலாமவர் மூட்டைக்கு 40 ரூபாயும் இயந்திரத்துக்கு நாள் வாடகையாக 2,000 ரூபாயும் கேட்கிறார். மொத்தம் 60,000 ரூபாய். இரண்டாமவர் மூட்டைக்கு 20 ரூபாய், இயந்திரத்துக்கு 3,500 ரூபாய் என்கிறார். மொத்தம் 55,000 ரூபாய். விதிப்படி இரண்டாமவருக்கே ஒப்பந்தம். ஆனால், வெள்ளம் வந்தபோது உண்மையில் தேவைப்பட்டவை 200 மூட்டைகளும் 60 நாள் இயந்திர வாடகையும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவருக்கு அரசு கொடுக்க வேண்டியது 2,14,000 ரூபாய். தோற்றுப்போன முதலாமவராக இருந்திருந்தால் 1,28,000 ரூபாய்தான்.

இதில் எந்த விதியும் மீறப்படவில்லை. தணிக்கையிலும் தவறு தெரியாது. எந்தப் பொருள் அதிகம் வாங்கப்படும் என்பதை உள்ளிருப்பவர் வாயிலாக முன்கூட்டியே அறிந்த ஒருவருக்கு இது எளிய வழி: அலுவலகம் வாங்கப்போகாத பொருளுக்கு அடிமாட்டு விலை, வாங்கப்போகும் பொருளுக்கு ஆகாய விலை. ஆகவே, உத்தேச அளவை அலட்சியமாக எழுதுவது சிறு வழங்குநரை மட்டும் பாதிப்பதில்லை. வரி செலுத்துவோர் பணத்தையும் வீணாக்குகிறது. பெரியப்பாவின் ஒப்பந்தத்தில் 120 டன் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று நான் பின்னாளில் யோசித்ததுண்டு. முந்தைய ஆண்டு அறிவிப்பைப் பார்த்து அப்படியே எழுதியிருப்பார்கள். நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? ஆணை பிறக்கும்வரை ஒப்பந்தமே பிறக்கவில்லை என்கிறது. சதுர்புஜ் விதல்தாஸ் ஜஸானி எதிர் மோரேஷ்வர் பரஷ்ராம் என்ற வழக்கில் 1954-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. படைவீரர்களுக்கு விற்பதற்காக அரசுக்கு பீடி வழங்கிவந்த நிறுவனத்தின் பங்குதாரர் ஒருவர் தேர்தலில் நின்றார். அரசுடன் ஒப்பந்தம் வைத்திருப்பவர் வேட்பாளராக இருக்கத் தகுதியற்றவர் என்பதால், அவருக்கு ஒப்பந்தம் இருந்ததா என்ற கேள்வி எழுந்தது. விலையையும் நிபந்தனைகளையும் குறிப்பிடும் கடிதங்கள், ஆணை வந்தால் எந்த முறையில் வணிகம் செய்வது என்பதற்கான ஏற்பாடு மட்டுமே. ஒவ்வோர் ஆணையும் வெளியாகும்போதே ஒப்பந்தம் உருவாகிறது என்று நீதிமன்றம் கூறியது. நாம் ஒப்பந்தம் என்று அழைக்கும் விலை வீத ஒப்பந்தம், சட்டத்தின் பார்வையில் வழங்குநர் நீட்டியபடி வைத்திருக்கும் ஒரு முன்மொழிவே.

ஆணை பிறந்துவிட்டால் நிலைமை மாறிவிடும். அதற்கும் நம் பகுதியோடு தொடர்புள்ள வழக்கு ஒன்று உண்டு. மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே, தன் தானியக் கடைகளுக்காக 1948 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் 14,000 மணங்கு வெல்லம் வழங்க ஒருவருடைய ஒப்பந்தப்புள்ளியை ஏற்றது. வழங்க வேண்டிய நாள்களைக் குறித்து ஆணையும் அனுப்பியது. இடையில், மீதி வேண்டாம் என்று ரத்து செய்தது. எந்தக் கட்டத்திலும் ரத்து செய்யலாம் என்று நிபந்தனை இருப்பதாக வாதிட்டது. இந்திய ஒன்றியம் எதிர் மத்தல தாத்தையா என்ற அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசின் வாதத்தை ஏற்கவில்லை. ஆணையிடப்படாத அளவை ரத்து செய்யலாம். அளவும் நாளும் குறித்து ஆணையிட்ட பிறகு, அந்த அளவுக்கு இரு தரப்பும் கட்டுப்பட்டவை என்பதே தீர்ப்பின் சாரம்.

இரு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் ஒரு சமன்பாடு தெரியும். ஆணை வரும்வரை அரசுக்கும் கட்டுப்பாடில்லை, வழங்குநருக்கும் கட்டுப்பாடில்லை. ஆனால், இது காகிதத்தில் உள்ள சமன்பாடு. நடைமுறையில் வழங்குநரின் பிணைத்தொகை அரசின் கையில் இருக்கிறது. விலகினால் அந்தத் தொகை போகும். கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறும். அரசு ஆணையிடாமல் இருந்தால் அதற்கு எந்த இழப்பும் இல்லை. தராசின் ஒரு தட்டில் மட்டும் கல் வைக்கப்பட்டிருக்கிறது.

மத்திய அரசின் வழங்கல் மற்றும் அகற்றல் தலைமை இயக்குநரகம் பல பத்தாண்டுகளாக இத்தகைய ஒப்பந்தங்களை நடத்தியது. குறைந்தபட்ச அளவு வாங்குவதாக அதில் உறுதி இராது. அதே வேளையில், ஒப்பந்தக் காலத்தில் அதே பொருளை வேறு எவருக்கேனும் குறைந்த விலைக்கு விற்றால், அரசுக்கும் அந்த விலையே பொருந்தும் என்ற நிபந்தனை உண்டு. வாங்குவதற்கு உறுதி தராதவர், பிறருக்கு விற்கும் விலையையும் கட்டுப்படுத்தினார். அந்த இயக்குநரகம் 2017 அக்டோபரோடு மூடப்பட்டது. 2016-ல் தொடங்கப்பட்ட அரசு மின்சந்தையான 'ஜெம்' அதன் இடத்துக்கு வந்தது. எனினும், விலை வீத ஒப்பந்தம் என்ற முறையும் அதன் மனநிலையும் துறைகளிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் தொடர்கின்றன.

பிற நாடுகள் இதே சிக்கலை எவ்வாறு கையாள்கின்றன? அமெரிக்காவில் கடற்படைக்கு நிலக்கரி வழங்கும் ஒப்பந்தம் ஒன்று 1923-ல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வாங்குபவர் எந்தக் குறைந்தபட்ச அளவுக்கும் கட்டுப்படாத ஒப்பந்தத்தில் பரஸ்பரக் கடமை இல்லை. உண்மையில் வழங்கப்பட்ட அளவுக்கு மட்டுமே அது செல்லும் என்று அந்த நீதிமன்றம் கூறியது. இன்று அந்நாட்டுக் கொள்முதல் விதிகளின்படி, அளவு வரையறுக்கப்படாத ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச அளவும் அதிகபட்ச அளவும் குறிக்கப்பட வேண்டும். குறைந்தபட்சம் என்பது பெயரளவுக்கு எழுதப்பட்டதாக இருக்கக் கூடாது. அந்த அளவை அரசு வாங்கியே தீர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் மறுமுனையிலிருந்து வந்தது. இத்தகைய ஏற்பாடுகளின் அதிகபட்ச அளவோ மதிப்போ முன்னரே அறிவிக்கப்பட வேண்டும். அந்த எல்லையைத் தொட்டதும் ஏற்பாடு முடிவுக்கு வரும் என்று அதன் நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது. ஒருவர் தரையை அமைத்தார். மற்றவர் கூரையையும் வலியுறுத்தினார். நம்முடைய பெரும்பாலான ஒப்பந்தங்களில் உத்தேசம் என்ற ஒற்றைச் சுவர் மட்டுமே நிற்கிறது.

ஆணைகளை யாருக்குக் கொடுப்பது என்பது அடுத்த கேள்வி. ஒரே வழங்குநரை நம்பினால், அவர் தடுமாறும் நாளில் அரசும் தடுமாறும். எனவே பலரைப் பட்டியலில் வைத்துக்கொள்கிறார்கள். அதன் பிறகு மூன்று வழிகள் உண்டு. குறைந்த விலையை மற்றவர்களும் ஏற்றுக்கொண்டால், ஆணைகளை அவர்களுக்குள் பங்கிடலாம். முறைவைத்துக் கொடுக்கலாம். அல்லது, ஒவ்வொரு தேவை எழும்போதும் பட்டியலில் உள்ளவர்களிடையே மட்டும் ஒரு சிறிய போட்டியை மீண்டும் நடத்தலாம். அமெரிக்காவில் 1994-ல் இயற்றப்பட்ட சட்டத்துக்குப் பிறகு மூன்றாவது வழி பரவலானது. பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் ஆணையிலும் நியாயமான வாய்ப்பு தரப்பட வேண்டும் என்பது அங்கே பொது விதி. அவசரம், வேறு எவராலும் செய்ய இயலாத பணி போன்றவை விதிவிலக்குகள்.

இந்த இரண்டாம் கட்டப் போட்டி விலையைக் குறைக்கும். முதலில் முடிவான விலை உச்சவரம்பாக நிற்க, ஒவ்வோர் ஆணைக்கும் அதற்குக் கீழே போட்டியிடுவார்கள். ஆனால், சிறியவர்களுக்கு இது இருமுறை செலவு. பட்டியலில் நுழைவதற்கு ஒரு முறை, ஆணை பெறுவதற்கு மறுமுறை என்று கணக்கர்களையும் ஆவணங்களையும் தயார்செய்ய வேண்டும். பந்தியில் இடம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தவர், இலையில் சோறு விழுகிறதா என்று ஆண்டு முழுவதும் காத்திருக்க நேரிடலாம். அதிகாரியின் கையில் புதிய அதிகாரமும் சேர்கிறது. ஒப்பந்தப்புள்ளி திறக்கும் நாளில் எல்லோரும் கவனிக்கிறார்கள். அதன் பிறகு மாதந்தோறும் வெளியாகும் ஆணைகளை எவரும் கவனிப்பதில்லை. முறைகேடு நுழைய விரும்பினால், கூட்டம் கலைந்த பிறகே நுழையும்.

இவ்வளவு சிக்கல் இருந்தும் இந்த முறையை நேர்மையாக நடத்த முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1994-ல் நிறுவப்பட்டு, 1995-ல் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளுக்கு உத்தேச அளவுடன் ஒப்பந்தப்புள்ளி கோரி, விலையை முடிவுசெய்து, பிறகு தேவைக்கேற்ப ஆணைகள் அனுப்புகிறது. அதன் வெற்றிக்குக் காரணம் விலைப் போட்டி மட்டுமன்று. மாவட்டக் கிடங்குகளில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது, எந்த வேகத்தில் தீர்கிறது என்பதைக் கணினியில் தொடர்ந்து கண்காணித்தார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கணக்குப் புத்தகம் கொடுத்து, அது எடுத்துக்கொள்ளும் மருந்தை அதில் பதிந்தார்கள். ஆகவே, உத்தேசம் என்பது ஊகமாக இல்லாமல் நுகர்வின் பதிவாக இருந்தது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இந்த முறையைப் பின்பற்றித் தம் கழகங்களை அமைத்தன. அளவு உறுதியில்லாத ஒப்பந்தத்திலும் நல்ல கணக்கு, நம்பிக்கையை உண்டாக்கும். நம்பிக்கை விலையைக் குறைக்கும்.

அந்தக் கணக்கு இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது? நிச்சயமின்மை மறைந்துபோவதில்லை, அது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்கிறது. அலுவலகம் தன் தேவையைக் கணிக்காததன் சுமையை வழங்குநர் மீது வைக்கிறது. பெரிய வழங்குநர் அதை விலையில் ஏற்றிவிடுவார். சிறியவரால் விலையில் ஏற்ற முடியாது. ஏற்றினால் ஒப்பந்தம் கிடைக்காது. எனவே அவர் தன் தொழிலாளர் மீது இறக்குகிறார். பெரியப்பாவுக்கு ஆணை வராத மாதங்களில் மூட்டை பிடிக்க வந்தவர்களுக்கு வேலையில்லை. ஆணை வந்த வாரத்தில் இரவும் பகலும் மழையில் நனைந்து ஏற்றினார்கள். பணி உண்டா, இல்லையா என்று தெரியாமல் காலையில் கிடங்கு வாசலில் வந்து நின்றவர்களின் காத்திருப்புக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

உப்பளத் தொழிலாளர்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அண்மை ஆண்டுகளில் கொண்டுவந்தது. தொகை போதுமா என்பது தனிக் கேள்வி. ஆனால், அதன் பின்னுள்ள நியாயம் முக்கியமானது. வேலையில்லாத மாதங்களிலும் ஒருவர் அந்தத் தொழிலில் நிலைத்திருந்தால்தான் அடுத்த ஜனவரியில் பாத்தியில் இறங்க ஆள் இருப்பார். அப்படி நிலைத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த நியாயத்தை அரசு தன் ஒப்பந்தப் படிவத்துக்குள்ளும் கொண்டுவர வேண்டாமா? சிறு தொழில் வளர்ச்சிக்கான 2006-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், சரக்கைப் பெற்றுக்கொண்டவர் 45 நாள்களுக்குள் பணம் தராவிட்டால் வட்டி தர வேண்டும் என்கிறது. தாமதமான பணத்துக்கு வட்டி உண்டு. வராத ஆணைக்காகக் காத்திருந்ததற்கு ஒன்றும் இல்லை.

குறைந்தபட்ச அளவுக்கு உறுதி தந்தால், தேவையற்றதை வாங்க நேரிடும். தணிக்கையில் கேள்வி வரும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அந்த அச்சம் பொய்யன்று. ஆனால், உத்தேச அளவு முழுவதற்கும் உறுதி தர வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. கடந்த மூன்று ஆண்டுகளில் மிகக் குறைவாக வாங்கிய அளவு எதுவோ, அதில் ஒரு பகுதிக்கேனும் உறுதி தரலாம். அதுவும் இயலாத பேரிடர்ப் பொருள்களுக்கு, தயார்நிலையில் வைத்திருப்பதற்கென்று ஒரு சிறு தொகையைத் தனியாகக் கொடுக்கலாம். தீயணைப்பு வண்டி ஓடாத நாளிலும் ஓட்டுநருக்குச் சம்பளம் தருவதை எந்தத் தணிக்கையாளரும் வீண் செலவு என்பதில்லை.

மற்ற திருத்தங்களுக்குப் பணமே தேவையில்லை. ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பில் உத்தேச அளவுக்குப் பக்கத்திலேயே, கடந்த மூன்று ஆண்டுகளில் உண்மையில் வாங்கிய அளவை மாதவாரியாக வெளியிடலாம். பெரியப்பாவுக்கு அந்த ஓர் அட்டவணை கிடைத்திருந்தால், கிடங்கே எடுத்திருக்க மாட்டார். ஒரே ஆணையில் கேட்கக்கூடிய உச்ச அளவையும், ஆணைக்கும் வழங்கலுக்கும் இடையே தர வேண்டிய கால அவகாசத்தையும் எழுதிவைக்கலாம். உப்பு, செங்கல் போன்ற பருவப் பொருள்களுக்கு மழைக்காலத்தில் கூடுதல் அவகாசம் என்று ஒரு வரி சேர்க்கலாம். குறிப்பிட்ட மாதங்கள்வரை ஆணையே வராவிட்டால், அபராதமின்றிப் பிணைத்தொகையைப் பெற்றுக்கொண்டு விலகும் உரிமையை வழங்குநருக்குத் தரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வோர் ஆணையும் எந்த நாளில், எவருக்கு, எந்த அளவுக்கு, எந்தக் காரணத்தால் கொடுக்கப்பட்டது என்பதை இணையத்தில் வெளியிடலாம். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ல் இயற்றப்பட்டது. ஒப்பந்தப்புள்ளி ஏற்கப்படும் நாள்வரை வீசிய அந்த வெளிச்சத்தை ஆணைகள் வெளியாகும் நாள்களுக்கும் நீட்டிக்க வேண்டும்.

பெரியப்பா அதன் பிறகு எந்த அரசு ஒப்பந்தப்புள்ளிக்கும் விண்ணப்பிக்கவில்லை. அவரைப் போன்றவர்கள் விலகிக்கொள்ள, போட்டியில் எஞ்சுபவர்கள் சிலரே. எஞ்சியவர்கள் சிலர் என்றால், விலை யாருடைய விருப்பப்படி அமையும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சிறியவர் ஒருவர் அமைதியாக விலகிச் செல்வது எந்தக் கோப்பிலும் பதிவாவதில்லை. ஆனால், அதன் செலவு ஒவ்வோர் ஆண்டும் அரசின் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது.

மரக்காணத்தில் அடுத்த ஜனவரியிலும் சேறு அள்ளப்படும், பாத்திகள் மிதிக்கப்படும். வெயிலிடம் எவரும் உறுதிப் பத்திரம் கேட்க முடியாது. அரசிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.